இருநூற்று ஒன்பது

— கையை எடு. அபாயச் சங்கோட சாவி மேல கை வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

— சாவியை நான் தொடல அப்பா. ஸ்கிரீனைப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

— அதைத்தானே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். மாப்பிள்ளை நெஞ்சுல மாட்டின மீட்டர் இருநூத்தி ஒம்பதுங்குது. வெளிக்காத்துல பிராணவாயு எவ்வளவு இருக்குமோ அதே அளவு, நூத்துக்கு இருபது புள்ளி ஒம்பது. மாப்பிள்ளை தொட்டிக்குள்ள இறங்கி இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு, நம்பர் ஆடவே இல்ல. இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?

— ஆடவே இல்லங்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு.

— நல்லா இருந்தாலும் பயம், கெட்டுப் போனாலும் பயம். உங்கம்மாவை உரிச்சு வெச்சிருக்க. கதவைப் பூட்டினோமான்னு பாக்க மூணு தடவை பாதி வழியிலேர்ந்து திரும்பி வருவா.

— போன மாசம் இதே தொட்டியில அவர் இறங்கினப்ப நான் இதே நாற்காலியில உக்காந்திருந்தேன். இருபது புள்ளி ஒம்பது, இருபது புள்ளி ஏழு, இருபது புள்ளி எட்டுன்னு ஏறி இறங்கிக்கிட்டே இருந்துச்சு. குனிஞ்சா குறையும், நிமிந்தா கூடும். அடியில அவ்வளவு சகதி. இன்னைக்கும் முதல்ல ஆடிச்சு, அப்புறம் பன்னெண்டு நிமிஷமா ஒரே நம்பர் எப்படிப்பா நிக்கும்?

— ஹலோ, ஹலோ. மேல அப்பாவும் பொண்ணும் சண்டையா? மைக்கை அணைச்சிட்டுப் போடுங்க. இது இரும்புத் தொட்டி, நீங்க ஒரு தடவை திட்டினா எனக்கு நாலு தடவை கேக்குது.

— ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. நீங்க உங்க வேலையைப் பாருங்க. இவ சும்மா.

— என்னங்க, உள்ள எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லுங்க.

— சும்மா சொல்லக் கூடாது, சொந்த வீடு மாதிரி இருக்கு. ஜன்னல்தான் வெக்க மறந்துட்டாங்க. தண்ணி பீச்சிச் சகதியைக் கலக்கி விட்டிருக்கேன், என் மேலயே பாதி தண்ணி. இன்னும் பத்து இணைப்பு பாக்கணும். பாத்துட்டு வந்துடறேன்.

— உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன்.

— உடம்பா? கால் கொஞ்சம் கனமா இருக்கு. பூட்ஸுக்குள்ள சகதி போயிருக்கும். மாமா, மேனேஜர் வந்துட்டாரா?

— வந்துட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தொட்டி வாய்கிட்ட நிக்கறார். கூட ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கார். எல்லாரும் நம்ம கம்ப்யூட்டர் புரோகிராமைப் பாக்கத்தான் வந்திருக்காங்க.

— அப்ப நான் அழகா வேலை செய்யறேன். தலை சீவிக்கிட்டு வந்திருக்கலாம்.

— அப்பா, ஒரு நிமிஷம் மைக்கை அணைக்கிறேன். இப்ப அவருக்குக் கேக்காது. வெள்ளிக்கிழமை இந்தப் புரோகிராம்ல எதை மாத்தினீங்க?

— இப்ப எதுக்கு அந்த விசாரணை?

— சொல்லுங்கப்பா.

— மெதுவா நடந்துச்சு, மாத்தினேன். பன்னெண்டு மீட்டரை ஒண்ணா மாட்டினா ஸ்கிரீன் நாலு செகண்டு பின்தங்குது. அந்த மேனேஜர் என் முகத்துக்கு நேரா என்ன சொன்னார் தெரியுமா? ‘உங்க புரோகிராம் உங்களை மாதிரியே நடக்குது ஐயா’ன்னார். பக்கத்துல நின்னவனெல்லாம் சிரிச்சான். ஏற்கனவே மாப்பிள்ளை இங்க வேலை செய்யறதாலதான் நமக்கு இந்த ஆர்டர் வந்துச்சுன்னு முதுகுக்குப் பின்னாடி பேச்சு. முப்பத்திரண்டு வருஷத்துல நம்ம வீட்டு எழுத்தைப் பாத்து ஒருத்தன் சிரிச்சதில்ல.

— அதனால?

— அதனால எல்லாத்துக்கும் டைப் அறிவிச்சேன். உன் சித்தப்பன் எழுதி வெச்சிட்டுப் போனது அது. ஒரு இடத்துலயாவது இது என்ன ரகம்னு அவன் சொல்லியிருக்கானா? வர்றது எண்ணா, எழுத்தா, ஒண்ணுமே இல்லையான்னு ஒவ்வொரு தடவையும் மிஷின் பிரிச்சுப் பாக்கணும். அதான் மெதுவு. நான் தலைப்புலயே சொல்லிட்டேன், இங்க வர்றது முழு எண், வேற எதுக்கும் இடமில்லன்னு. இருபது புள்ளி ஒம்பதைக்கூடப் பத்தால பெருக்கி இருநூத்தி ஒம்பதா வெச்சேன், புள்ளி வெக்கறதுலகூட நேரம் போகுமேன்னு. இப்ப ஒம்பது மடங்கு வேகம். மேனேஜரே கூட்டம் சேத்துக்கிட்டுப் பாக்க வந்திருக்கார்.

— வேகத்தைப் பத்தி நான் கேக்கல.

— அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க.

— ஹலோ, மேல இருக்கீங்களா? ரொம்ப அமைதியா இருக்கு. எனக்குத் துணைக்கு யாராவது பேசுங்களேன்.

— இருக்கேங்க. மைக்கைப் போட்டுட்டேன். நீங்க பேசிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க.

— நீங்க ரெண்டு பேரும் எதுக்கு அடிச்சுக்கறீங்கன்னு சொல்லுங்க. நானும் கலந்துக்கறேன்.

— புரோகிராமைப் பத்திங்க. சித்தப்பா அதை ஜெனரேட்டர் பாணியில எழுதியிருந்தார்.

— டீசல் ஊத்தணுமா?

— வேண்டாம். உள்ள ஒரு ஆள் உக்காந்திருக்கார்னு வெச்சுக்கோங்க. ‘அடுத்தது’ன்னு கேட்டா உங்க மீட்டரைப் பாத்து ஒரு நம்பரை எடுத்துக் குடுப்பார். குடுத்ததும் அப்படியே தூங்கிடுவார். கையில என்ன வெச்சிருந்தாரோ அதைப் பிடிச்சுக்கிட்டேதான் தூங்குவார். மறுபடி ‘அடுத்தது’ன்னு கேட்டா விட்ட இடத்துலேர்ந்து எழுந்துப்பார்.

— எங்க ஆபீஸ்ல அப்படி நாலு பேர் இருக்காங்க. எழுந்துக்கறதுதான் கிடையாது.

— மீட்டர் பதில் சொல்லலன்னா, சித்தப்பா எழுதின ஆள் வெறும் கையை விரிச்சுக் காட்டுவார். ஸ்கிரீன்ல நம்பர் போய் ஒரு கோடு விழும். பீப்னு கத்தும்.

— ஒரு நாளைக்கு அம்பது தடவை கத்தும். அதையும் சொல்லு மாப்பிள்ளைக்கு. ஒரு நொடி தொடர்பு விட்டாலும் கத்தல். குழந்தை அழற வீடு மாதிரி.

— அப்பா, நீங்க மாத்தினதுல அந்த ஆள் வெறும் கையை விரிக்க முடியுமா?

— முழு எண்ணுக்குன்னு ஒதுக்கின இடத்துல வெறுமையை எப்படி வெக்கறது? பிழை வரும். புரோகிராம் விழும்.

— விழுந்துச்சா?

— இருக்கட்டும். இப்ப விழலயே.

— முன்னாடி விழுந்துச்சான்னு கேக்கறேன்.

— சனிக்கிழமை காலையில வீட்டுல ஓட்டிப் பாத்தப்ப ரெண்டு தடவை விழுந்துச்சு.

— அப்புறம் என்ன செஞ்சீங்க?

— என்ன செய்யச் சொல்ற? நம்ம பேர் போட்ட புரோகிராம் நாலு பேர் முன்னாடி குப்புற விழலாமா? விழாம இருக்க ஒரு வரி சேர்த்தேன்.

— என்ன வரிப்பா?

— பிழை வந்தா கண்டுக்காம மேல போன்னு.

— அப்படி மேல போகும்போது அந்த ஆள் கையில என்ன இருக்கும்? என்னைப் பாருங்கப்பா. ஸ்கிரீனைப் பாக்காதீங்க. கையில என்ன இருக்கும்?

— பழைய நம்பர்.

— அதையேதான் திருப்பித் திருப்பி நீட்டுவாரா?

— ஒரு செகண்டுக்குத்தான். மீட்டர் அடுத்த தடவை பதில் சொன்னா புது நம்பர் வந்துடும்.

— சொல்லவே இல்லன்னா?

— மீட்டர் ஏன் சொல்லாம இருக்கப் போகுது? புத்தம் புதுசு. நேத்து சாயங்காலம் நானே கையில எடுத்துப் பாத்தேன்.

— அவர் மேலயே பாதி தண்ணி கொட்டியிருக்குன்னு இப்பத்தான் சொன்னார், மீட்டரும் அவர் நெஞ்சுலதானே இருக்கு.

— மாமா, மாமா. ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, நான் போனதும் என்னைப் பத்தி என்ன சொன்னீங்க? இவ சொல்லவே மாட்டேங்கறா.

— மாப்பிள்ளை, வேலை நேரத்துல என்ன பேச்சு இது?

— ‘ஆள் உயரம், ஆனா கவனம் பத்தாது’ன்னு சொன்னீங்களாமே. சிரிப்பு வருது மாமா. எனக்குச் சிரிப்பு நிக்கவே மாட்டேங்குது.

— அப்பா, அவர் உங்ககிட்ட இப்படிப் பேசி நீங்க கேட்டிருக்கீங்களா? ஆறு வருஷத்துல ஒரு தடவையாவது?

— இல்ல.

— என்னங்க, நான் சொல்றதைக் கேளுங்க. எத்தனை இணைப்பு பாத்தீங்க? ஒவ்வொண்ணாத் தட்டி, வாய்விட்டு எண்ணுங்க.

— எண்ணிக்கிட்டுதானே இருக்கேன். இது ஏழு. இது எட்டு. இது... எட்டு. ஆறு. இன்னும் பத்து இணைப்பு பாக்கணும். பாத்துட்டு வந்துடறேன்.

— இதை அப்பவே சொல்லிட்டீங்க.

— எதை?

— போதும்ங்க. ஏணிக்கு வாங்க. போட்டதைப் போட்டபடி விட்டுட்டு மேல ஏறுங்க.

— வரேன், வரேன். ஏணி இங்கதான் இருந்துச்சு. யாரோ நகர்த்தி வெச்சிருக்காங்க.

— அப்பா, அது சுவரோட சேத்துப் பத்தவெச்ச ஏணி.

— தெரியும்.

— சாவியைக் குடுங்க. சங்கு ஊதினாதான் தொட்டி வாய்கிட்ட நிக்கறவங்க அவரைக் கட்டியிருக்கற கயிறை இழுப்பாங்க.

— நான் கண்ணாடியைத் தட்டிக் கையசைச்சுச் சொல்றேன்.

— ஃபேன் சத்தத்துல காதே கேக்காது அவங்களுக்கு. கேட்டாலும் கயிறைத் தொட மாட்டாங்க. போன வருஷம் யாரோ கத்தினதைக் கேட்டு அவசரமா இழுத்து ஒருத்தருக்குத் தோள் எலும்பு விலகிப்போச்சு. அதுலேர்ந்து சங்குதான் உத்தரவு. உங்ககிட்ட கையெழுத்து வாங்கின தாள்ல முதல் வரியே அதுதான்.

— கையெழுத்து போட்டவன் நான். இன்னைக்குப் பொறுப்பாளர் நீங்கதான் ஐயான்னு மேனேஜர் அவர் கையாலயே இந்தச் சாவியை என் கையில குடுத்தார். அத்தனை பேர் பாக்கக் குடுத்தார். அவசரப்பட்டு நான் ஊதினா என்ன அர்த்தம்? நம்ம ஸ்கிரீன் இருநூத்தி ஒம்பதுன்னு சொல்லிக்கிட்டிருக்கும்போதே நம்ம கையாலயே ஊதினா, என் எழுத்து பொய்னு நானே ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி.

— பொய்யா நிஜமான்னு இப்பவே பாத்துடலாம். என்னங்க, நெஞ்சுல மாட்டியிருக்கற மீட்டரைக் கையில எடுங்க. வாய்கிட்ட கொண்டு வாங்க.

— எதுக்கு? முத்தம் குடுக்கவா?

— நாத்தத்துக்குப் போட்ட முகமூடியை விலக்காம, அதுல ஓட்டை வழியா மூச்சு வெளியில போகும் இல்ல, அங்க பிடிங்க. பிடிச்சு நல்லா மூச்சு விடுங்க. அப்பா, நம்ம விடற மூச்சுல பிராணவாயு பதினாறோ பதினேழோதான் இருக்கும். நம்பர் இறங்கணும். நூத்தி எழுபதுக்கு வந்துடணும். நீங்களே பாருங்க.

— விட்டாச்சு. இன்னொண்ணும் விடறேன். மூச்சு... மூச்சு விட்டு மாளல.

— என்ன காட்டுது அப்பா?

— இரு. கொஞ்சம் நேரம் எடுக்கும்.

— ஒம்பது மடங்கு வேகம்னு சொன்னீங்க.

— இரு.

— என்ன காட்டுது? வாயைத் திறந்து சொல்லுங்க.

— இருநூத்தி ஒம்பது.

— என்னங்க, மீட்டர்ல பச்சை லைட் எரியுதா? மீட்டரைப் பாத்துச் சொல்லுங்க.

— லைட்டா? இறங்கும்போது எரிஞ்சுது. இப்ப... காணோம். இது கறுப்பா இருக்கு. ஏம்மா, நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன். இங்க ஓரமா. அஞ்சே நிமிஷம்.

— உக்காராதீங்க! என்னங்க, உக்காராதீங்க, நில்லுங்க! அப்பா!

— ஓட்டை எங்க இருக்கு?

— என்னது?

— சாவி ஓட்டை. கண்ணு தெரியல. இந்தா, நீ போடு.

— நீங்க பொறுப்பாளர், நீங்களே பிடிங்க. உங்க கை மேல என் கை இருக்கு. வலது பக்கம் திருப்புங்க. அழுத்துங்க!

— காதைப் பொத்திக்கோ.

— நகருங்கப்பா, கண்ணாடிகிட்ட போகணும். கப்பி சுத்துது. ரெண்டு பேர் இழுக்கறாங்க. கயிறு விறைச்சுடுச்சு.

— பேசறாரா? மைக்ல ஏதாவது வருதா?

— உஸ்ஸுன்னு மட்டும் வருது. என்னங்க! என்னங்க, இருக்கீங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க அசட்டு ஜோக் ஒண்ணு சொல்லுங்க.

— மேல வந்துட்டாரா?

— இன்னும் இல்ல. கயிறு எங்கயோ மாட்டிக்கிச்சு. மேனேஜர் குழாய்க் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு பாக்கறார். அப்பா, அது வரல. ஆடுது, ஆனா வரல.

— என்னால பாக்க முடியல. நீ சொல்லு. நான் இங்கயே நிக்கறேன், நீ சொல்லிக்கிட்டே இரு.

— விட்டுடுச்சு. வருது. மஞ்சள் தொப்பி தெரியுது. தலை தொங்குது அப்பா. தோளைப் பிடிச்சுட்டாங்க. படுக்க வெக்கறாங்க. முகமூடியைக் கழட்டி, சிலிண்டர்லேர்ந்து காத்து குடுக்கறாங்க.

— நெஞ்சைப் பாரு. நெஞ்சு ஏறுதா?

— தெரியல. எல்லாரும் சுத்தி நின்னு மறைக்கறாங்க. தள்ளி நில்லுங்களேன்டா!

— நான் எழுதினேன். அந்த ஒரு வரியை நான்தான் எழுதினேன்.

— கால். கால் அசையுது. பூட்ஸ் அசைஞ்சுது அப்பா, நான் பாத்தேன்.

— நல்லாப் பாத்தியா? அவங்க நகர்த்தினதுல அசைஞ்சிருக்கும்.

— இல்ல. அவரே உதைச்சார்.

— ஹ... ஹலோ. மாமா.

— மாப்பிள்ளை!

— சும்மா சொல்லக் கூடாது... உங்க சங்கு... நல்லா ஊதுது.

— பேசாதீங்க. மூச்சை மட்டும் விடுங்க. பேச வேண்டியதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

— அஞ்சு நிமிஷம் உக்கார விடல... இவ.

— உக்காந்திருந்தா நான் உங்களைக் கொன்னே போட்டிருப்பேன். இதோ கீழ வரேன். வாயில அந்தக் காத்துக் குழாயை வெச்சுக்கோங்க, எடுக்காதீங்க.

— போகாதே. ஒரு நிமிஷம் நில்லு. மேனேஜர் படி ஏறி வரார்.

— வரட்டுமே.

— என்ன சொல்றது அவர்கிட்ட?

— நடந்ததைச் சொல்லுங்க.

— மீட்டர்ல தண்ணி போயிடுச்சு, மீட்டர் செத்துடுச்சு, நாம கண்டுபிடிச்சு ஊதினோம். இதுல ஒரு வார்த்தையாவது பொய்யா?

— இல்ல. ஆனா மீட்டர் செத்ததை மறைச்சது யாரு?

— மெதுவாப் பேசு. கதவு திறந்திருக்கு. கேட்டுக்கோ. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த வரியை எடுத்துடறேன். வெறுமைக்குன்னு தனியா ஒரு இடம் ஒதுக்கிடறேன். வேகமும் குறையாது. புதுப் பதிப்பு, மேம்படுத்தினதுன்னு சொல்லி அனுப்பிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். உங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தப் பேருக்கு ஒரு கறை கிடையாது.

— அனுப்பிடலாமா? யாருக்கு அனுப்புவீங்க?

— வாங்கினவங்களுக்கு.

— அப்பா, இந்தப் பதிப்பை வேற இடத்துக்கும் அனுப்பிட்டீங்களா? இங்க சோதனை முடியறதுக்கு முன்னாடியேவா?

— திங்கட்கிழமை அனுப்பினேன். வேகம் வந்துடுச்சே, எல்லாருக்கும் பெருமையாக் குடுப்போம்னு.

— எத்தனை இடம்?

— பதினாலு.

— பதினாலு இடத்துல, இன்னைக்குக் காலையில, ஆளுங்க தொட்டிக்குள்ள இறங்கியிருப்பாங்க. சாயங்காலம் நீங்க புதுப் பதிப்பு அனுப்பற வரைக்கும் அவங்களை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லலாமா?

— அப்படியெல்லாம் பேசாதே.

— போனை எடுங்க. ஒவ்வொருத்தரா நீங்களே கூப்பிடுங்க. நான் பேசினா, சின்னப் பொண்ணு பதட்டப்படுதுன்னு வெச்சுடுவாங்க. உங்க குரலைக் கேட்டாதான் நம்புவாங்க.

— என்னன்னு சொல்லுவேன்? என் வாயால, என் எழுத்து ஆளைக் கொல்லும்னு சொல்லணுமா?

— ஆமாம்.

— உங்கம்மா இருந்திருந்தா என்னை இப்படி நிக்க வெச்சுக் கேட்டிருக்க மாட்டா.

— அம்மா மூணு தடவை திரும்பிப் போய்ப் பூட்டைப் பாத்திருப்பாங்க. லிஸ்ட் எங்க? முதல்ல யாரு?

— முதல்ல... கப்பல் பட்டறை.

— எந்தக் கப்பல் பட்டறை? அப்பா, துறைமுகத்துல இருக்கே, அதுவா?

— அதுதான். ரெண்டு மாசம் முன்னாடி அவங்களாவே வந்து வாங்கினாங்க. நான் கேக்கக்கூட இல்ல. ஏன் உன் முகம் இப்படி ஆயிடுச்சு?

— அவங்களா வரல. சித்தப்பா வாங்கச் சொன்னார்.

— எந்தச் சித்தப்பா? உன் சித்தப்பனா? அவன் அங்க எப்படி?

— நாலு வருஷமா அங்கதான் இருக்கார். பாதுகாப்பு மேற்பார்வை. என்கிட்ட அப்பப்போ பேசுவார். நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு சொல்லல.

— எட்டு வருஷமா என் முகத்துல முழிக்காதவன் என் புரோகிராமை ஏன் வாங்கச் சொன்னான்? ‘இல்லங்கறதும் ஒரு பதில்தான் அண்ணா, அதுக்கும் இடம் விடு’ன்னு என்கிட்ட மல்லுக்கு நின்னுட்டுப் போனவன். அறிவிக்காத எதுவும் என் வீட்டுல இருக்காதுன்னு நான்தான் வாசலைக் காட்டினேன்.

— உங்களை மாதிரி கண்டிப்பா எழுதறவர் யாரும் கிடையாதுன்னார். அண்ணன் கை பட்டதுன்னா கண்ணை மூடிக்கிட்டு இறங்கலாம்னு அங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கார்.

— இறங்கலாம்னா? யார் இறங்கறது?

— அவரேதான். கப்பல் அடித்தொட்டிக்குள்ள வேற யாரையும் முதல்ல இறங்க விட மாட்டார். செவ்வாயும் வியாழனும், காலையில.

— இன்னைக்கு என்ன கிழமை?

— வியாழன். அப்பா, உக்காராதீங்க. நம்பரைப் போட்டுட்டேன், மணி அடிக்குது. ஸ்பீக்கர்ல வெச்சிருக்கேன். பேசுங்க.

— மேனேஜர் வாசல்ல நிக்கறார்.

— நிக்கட்டும். அவரும் கேக்கட்டும்.

— எட்டு வருஷம். என்னன்னு ஆரம்பிப்பேன்?

— வணக்கம், பாதுகாப்பு அறை. யாரு பேசறது?

— நான்... உங்க ஸ்கிரீன்ல ஓடற புரோகிராமை எழுதினவன் பேசறேன். அதுல தப்பு இருக்கு. தப்பு என்னுது, வேற யாருதும் இல்ல. தொட்டிக்குள்ள யாராவது இருந்தா உடனே சங்கு ஊதி வெளியில எடுங்க. எங்க என் தம்பி?

— ஐயா, நீங்கதானா அது! உங்க பேச்சு இல்லாம அவருக்கு ஒரு நாள் விடியாது. அவர் ஒருத்தர்தான் உள்ள இருக்கார், தூங்கறாரோ என்னவோ பேச்சையே காணோம். நீங்க எதுக்கு பதறறீங்க ஐயா, காலையிலேர்ந்து உங்க ஸ்கிரீனைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன், நம்பர் ஆடவே இல்ல.